கீழ் டிவிஷனுக்கு ஏறி வந்தவர்கள்

1

எங்கள் வீட்டுக்குப் பின்னால், காடு முடிகிற இடத்தில், ஒரு பெரிய அத்திமரம் நிற்கிறது. அது பழுத்துவிட்டது. அதனால் இந்த வாரம் முழுக்கச் சிம்பன்சிகளின் சத்தம். முதலில் ஒன்று மெல்ல மூச்சு வாங்குவதுபோல ஆரம்பிக்கும். இன்னொன்று சேர்ந்துகொள்ளும். கடைசியில் காடே கூச்சலிடும். பிறகு சட்டென்று எல்லாம் ஓய்ந்துவிடும். அந்த அமைதியில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது, நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் மறந்து போகிறது.

நேற்று அவர்களில் ஒருத்தி தேயிலை வரைக்கும் இறங்கி வந்தாள். முதுகில் குட்டி. வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. சின்ன வயதில், காட்டுப்பன்றிக்காக யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டிக் கை போய்விட்டது. இடது கையால் ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பி நடந்தாள். குட்டி மட்டும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

நான் இருப்பது உகாண்டாவின் மேற்குப் பக்கத்தில். என் கணவர் சிவனு இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைத் தூளாக்குவதை மேற்பார்க்கிற டீமேக்கர். இலங்கையின் பதுளையில் வேலை பழகியவர். ஆப்பிரிக்காவில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு வருடம் இருந்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டோம். அந்த இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை. ஊரில் நான் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். இங்கேயும் அதே வேலைதான். பிள்ளைகள் அழுகிற பாஷை எங்கேயும் ஒன்றுதான் என்பதால் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

பெரியவர்களின் பாஷைதான் சிரமம். இந்தப் பகுதி மக்கள் ஒருவரையொருவர் செல்லப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அதற்கென்றே சில பெயர்கள் உண்டு. எனக்கு அவர்கள் வைத்தது அடியேரி. முதல் நாள் ஒரு பெண் வாசலில் நின்று "அடியேரி! அடியேரி!" என்று கூப்பிட்டபோது, சிவனு உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். "யாரு அவ, எம் பொண்டாட்டிய 'அடியே'ங்கிறது?" என்று.

வந்த புதிதில் இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. காட்டின் ஓரம் முழுக்கத் தேயிலையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். சோளம் போட்டால் சிம்பன்சி வரும், யானை வரும், மனிதர்களுக்குக் கோபம் வரும். தேயிலையைக் காட்டில் இருக்கிற எதுவும் தின்பதில்லை. அதனால் அது வேலி. இதைக் கேட்டு அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன். இலங்கையின் மலைநாட்டில், எங்கள் ஊவாவில், காட்டை அழித்துத்தான் தேயிலை வைத்தார்கள். எங்கள் பாட்டன் பூட்டன்களுக்குக் கிடைத்த முதல் வேலையே மரம் வெட்டுவதுதான். அந்த மலைகளில் நடந்து திரிந்த யானைகள் பிபிலைப் பக்கமும் வெல்லவாயப் பக்கமும் இறங்கிப் போய்விட்டன. அங்கே காட்டைத் தின்ற அதே செடி இங்கே காட்டுக்குக் காவல் நிற்கிறது.

எங்கள் ஒரே மகள் யமுனா இந்த வேலி ஓரத்தில்தான் வளர்ந்தாள். படித்து முடித்ததும், சிம்பன்சிகளின் பின்னாலேயே நாள் முழுக்க நடந்து, யார் யாருடன் இருக்கிறார்கள், யார் யாருக்கு உண்ணி பார்த்துவிடுகிறார்கள் என்று கவனிக்கிற வேலையில் சேர்ந்தாள். போகிற வழியில் கண்ணில் படுகிற சுருக்குக் கம்பிகளை அறுத்து எடுத்துவருவதும் அந்த வேலையில் சேர்ந்தது. இப்போது அவள் இங்கே இல்லை. அது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

போன வருடம் என்னுடைய வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் புதுப் பிரதி வேண்டும் என்றார்கள். பழையது மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. யமுனாவுக்கு லீவு இருந்தது. "நானும் வரேம்மா" என்றாள். சின்னப் பிள்ளையாக ஒருமுறை வந்தவள், வளர்ந்தபின் வருவது அதுதான் முதல்.

எனக்கு அதில் வேறொரு கணக்கும் இருந்தது. ஊரில் ஒரு நல்ல பையனாகப் பார்த்து அவளைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று ஐந்தாறு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். "சரி சரி" என்பாள். மறுநாள் விடியுமுன்னே பூட்சை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவாள்.

பதுளையில் பத்திரம் எடுக்கிற இடத்தில் பெரிய வரிசை. என் பெயர் ஒரு இடத்தில் செல்லம்மா, இன்னொரு இடத்தில் செல்லமா. அந்த ஒற்றை எழுத்துக்காக மூன்று ஜன்னல்களுக்கு அலைந்தோம். கடைசி ஜன்னலில் இருந்த சிங்களப் பெண்மணி என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, ஆப்பிரிக்காவில் என்ன வேலை என்று கேட்டார். தேயிலை என்றேன்.

"அங்கேயும் தேயிலையா? பாவம்" என்றார் சிங்களத்தில். முத்திரையைக் குத்தினார்.

அங்கிருந்து பஸ் ஏறி, லுணுகலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போனோம். ராமையா அண்ணன் பிபிலைக்கு இறங்குகிற ரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இருக்கிறார். அவரும் மகேஸ்வரி மதினியும் மட்டும்தான். பிள்ளைகள் கொழும்பில். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீடு அவர்களுடையது. அதற்கு அப்பால் முன்பு தேயிலையாக இருந்த மலை, கவனிப்பாரில்லாமல் மானாப்புல்லும் மரமுமாக வளர்ந்து, பாதிக் காடாகிவிட்டது. மாலை வெயிலில் அந்தப் புல் அசைவதைப் பார்த்தால், மலையே படுத்து மூச்சுவிடுவதுபோல இருக்கும். அந்த ஓரத்தில் அண்ணனுக்கு ஒரு துண்டு நிலம். சோளமும் வாழையும் கொஞ்சம் போஞ்சியும் போட்டிருந்தார்.

அதைச் சுற்றி, முழங்கால் உயரத்தில், ஒரு கம்பி ஓடியது.

யமுனா நடந்துபோய் அதன் முன்னால் குந்தினாள். தொடவில்லை.

"இது என்ன மாமா?"

"கரண்ட் கம்பி பாப்பா. பயப்படாத, பகல்ல போடுறதில்ல. பொழுது சாஞ்சா போட்டுவிடுவேன், விடிஞ்சா நிப்பாட்டிருவேன்."

"எதுக்கு?"

"யானைக்குத்தான்."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் வளர்ந்த காலத்தில் இந்த மலையில் யானையைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"இப்ப வருது" என்றார் அண்ணன். "கீழ தண்ணி வத்துனா ஏறி வருது. பழைய தேயில காடாயிருச்சுல்ல, அதுக்கு நல்ல மறைவு."

3

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது யமுனா தொடங்கினாள். அவள் தமிழில் ஒரு கோளாறு உண்டு. என்னிடம் மட்டுமே கற்றுக்கொண்ட தமிழ் அது. மரியாதையாகப் பேச வேண்டும் என்று நான் சொல்லிச் சொல்லி வளர்த்ததில், மனுஷர், மிருகம் எல்லாமே அவளுக்கு 'அவங்க'தான்.

"மாமா, அவங்க எந்த வழியா வர்றாங்க?"

"யாரு?"

"யானைங்க."

அண்ணன் சிரித்தே விட்டார். "அவங்க எந்த வழியா வர்றாங்கனு கேக்குது பாரு. விருந்தாளியா வர்றாங்க?"

அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. வீட்டுக் கரண்டைக் கம்பியில் கொடுத்தால் யானை அந்த இடத்திலேயே செத்துவிடும் என்றாள். யானைகள் தனித்தனியாக வாழ்வதில்லை, அம்மா, பெரியம்மா, சித்தி, பேத்தி என்று ஒரே பெண் கூட்டமாகத்தான் இருக்கும், மூத்தவளுக்குத்தான் எந்தக் கோடையில் எங்கே தண்ணீர் இருக்கும் என்று தெரியும், அவள் செத்தால் கூட்டமே வழி தெரியாமல் நிற்கும் என்றாள். சிம்பன்சிகளைப் பற்றியும் சொன்னாள். கம்பியில் மாட்டிய குட்டியை அதன் தாய் விட்டுப் போகாமல் ஒரு பகல் முழுக்க அருகிலேயே உட்கார்ந்திருந்ததை, நேரில் கண்டதை.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினார்.

"பாப்பா, ஒனக்கு அது படிப்பு. எனக்கு அது வாசப்படி. எதிர் லயத்துல சுப்பையானு ஒருத்தர் இருந்தாரு. ஒங்க அம்மாவுக்குத் தெரியும். வேல முடிஞ்சு இந்தப் பாதையில வந்தவரு வீட்டுக்கு வரல. ஒத்த யானை. நாங்கதான் போயித் தூக்கியாந்தோம்." செம்பிலிருந்து ஒரு மடக்குக் குடித்தார். "வனஜீவராசி ஆட்கள் வந்தாங்க. யானை வெடி குடுத்தாங்க. வேலி போட்டுத் தர்றோம்னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மழைக்காலம் பேஞ்சு ஓஞ்சிருச்சு, வேலி வரல. ஒங்க அத்தை பீலிக்குத் தண்ணி புடிக்கத் தனியாப் போறப்பல்லாம் நான் எத்தன சாமியக் கும்புடுறேன் தெரியுமா?"

மதினி சோற்றுப் பானையை மூடினார். சுப்பையாவை எனக்குத் தெரியும். திருவிழாவில் தப்பு அடிப்பார்; மற்ற நாட்களில் அவர் குரலையே கேட்க முடியாது.

அண்ணன் எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டார். 'டக்' என்ற அந்தச் சின்னச் சத்தம் வீட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

4

கோடை முடிந்து முதல் மழை பெய்த மறுநாள் காலை; கீழே குளங்கள் இன்னும் நிறைந்திருக்காது. எழுந்து கதவைத் திறந்தால் வெளியே உலகமே இல்லை. அத்தனை பனி. வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிறவர்கள் ரோட்டில் பேசிக்கொண்டு போவது கேட்கிறது, ஆட்களைக் காணோம். நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நிலத்துக்கு அப்பால் பனி ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. பாறை என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தில் பாறை இல்லையே என்று தோன்றுவதற்குள், அது காதை அசைத்தது.

யமுனா எப்போது என் பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியாது. என் கையைப் பிடித்தாள். பனி மெல்ல விலக, அவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எல்லாம் பெண் யானைகள். முன்னால் நின்றவளின் நெற்றி குழிந்து போயிருந்தது. அவர்களின் கால்களுக்கு நடுவே, இன்னும் உடம்பில் முடி உதிராத ஒரு குட்டி.

சத்தமே இல்லை. இவ்வளவு பெரிய உயிர்கள் இவ்வளவு அமைதியாக நிற்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. காதில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்தது, தூரத்தில் தொழிற்சாலை ஓடுகிற மாதிரி. ரோட்டில் போனவர்களும் நின்றுவிட்டார்கள்.

அண்ணன் கதவுக்குள் நின்றார். கையில் வெடி, தீப்பெட்டி. பனியில் நேரம் தெரியாமல் போனதால் கம்பி அப்போதும் உயிரோடுதான் இருந்தது.

மூத்தவள் தும்பிக்கையை நீட்டினாள். கம்பிக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தி, அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. குட்டிக்குத் தெரியவில்லை. அது அம்மாவின் வயிற்றுக்கடியில் நுழைந்து, ஈரப் போஞ்சிக் கொடியைப் பார்த்து முன்னால் வந்தது. தாய் காலால் அதைத் தடுத்தாள். அது அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது.

"மாமா, கரண்ட்" என்றாள் யமுனா. மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை.

அண்ணன் அசையவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் அவர் கண்ணில் குட்டி தெரிந்ததா, சுப்பையா தெரிந்தாரா என்று எனக்குத் தெரியாது.

உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டது.

மதினி. அடுப்படியிலிருந்து வந்து, புருஷனைத் தாண்டிக் கையை நீட்டிச் சுவிட்சை நிப்பாட்டியிருந்தார். மறு கையில் கரண்டி அப்படியே இருந்தது.

குட்டி கம்பிக்குள் காலை வைத்துச் சிக்கி விழுந்தது. வீறிட்டது. அவ்வளவுதான், அத்தனை யானைகளும் ஒரே உடம்பாக உள்ளே வந்தன. கம்பம் முறிந்தது, வாழை சாய்ந்தது, சோளம் காலடியில் காணாமல் போனது. குட்டியைச் சுற்றி வளையமாக நின்றார்கள், முகம் வெளியே பார்த்தபடி. தாய் மட்டும் உள்ளே நின்று, அதன் காலைத் தடவி, வாயைத் தடவி, கம்பியைத் தும்பிக்கையால் பிடித்து இழுத்து இழுத்துத் தளர்த்தினாள். குட்டி எழுந்தது. ஒவ்வொருத்தியும் ஒரு தரம் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூத்தவள் திரும்பி நடக்க, மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். பனி அவர்களை வாங்கிக்கொண்டது.

அண்ணன் வெடியைக் கொளுத்தவே இல்லை. நிலத்தில் ஒரு போஞ்சிக் கொடிகூட நிற்கவில்லை.

5

அண்ணன் இரண்டு நாள் மதினியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பியைச் சுற்றியெடுத்துக் கூரைக்கடியில் சொருகினார். தூக்கி எறியவில்லை.

மதினியிடம் நான் கேட்டேன், எப்படித் தைரியம் வந்தது என்று.

"தைரியமெல்லாம் இல்ல நாத்தனா" என்றார். "கண்ணு முன்னால நின்னுச்சு, நிப்பாட்டிட்டேன். இதே இருட்டுல வந்திருந்தா நான் தூங்கியிருப்பேன். காலையில போய்ச் செத்துக் கெடக்குறதத்தான் பாத்திருப்பேன். அத நெனச்சாத்தான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

என் லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது யமுனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவள் சும்மா இருக்கவில்லை. பாதிக் காடான அந்த மலையில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு திரிந்து, யானை நடந்த தடத்தைப் பார்த்திருந்தாள். அடிவாரத்துச் சிங்களக் கிராமத்துக்கும் போய்வந்தாள். பதுளையில் மிருகங்களுக்காக வேலை செய்கிற ஒரு சின்னக் குழுவிடமும் பேசியிருந்தாள்.

"அம்மா, நான் இங்கயே இருக்கட்டுமா?"

இதைத்தானே இத்தனை வருடமும் கேட்டேன், ஊருக்குப் போ, ஊரில் இரு என்று. அவளே கேட்டபோது, மடித்து முடித்த சேலையை மறுபடி பிரித்தேன்.

"அங்க ஒன் குரங்குங்க?"

"அங்க நெறையப் பேர் இருக்காங்கம்மா. இங்க யாருமில்ல." மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "யானைங்கள்ல பொண்ணுங்க அம்மாவ விட்டுப் போகவே மாட்டாங்க. சாகிற வரைக்கும் ஒண்ணாத்தான் இருப்பாங்க. சிம்பன்சியில பொண்ணுங்கதான் கெளம்பிப் போவாங்க. ஒருநாள் பாத்தா இருக்க மாட்டாங்க. பக்கத்துக் கூட்டத்துல போய்ச் சேந்துருப்பாங்க."

"நீ எதுல சேத்தி?"

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் தனியாக விமானம் ஏறினேன். சிவனு என்னைக் கூட்டிப்போக வந்தவர், எனக்குப் பின்னால் யாரும் வராததைப் பார்த்துவிட்டு, என் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

6

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் தொலைபேசியில் வந்ததுதான்.

யானைத் தடத்தில் யாரும் பயிர் போடுவதில்லை என்று கீழ் டிவிஷன்காரர்கள் பேசி முடிவெடுத்தார்கள். அண்ணன் தன் நிலத்தை லயத்துக்குப் பக்கமாக நகர்த்தி, வெளி ஓரத்தில் யானை தொடாத எலுமிச்சையும் மிளகும் வைத்தார். யானைகள் ஏறத் தொடங்கினால் அடிவாரக் கிராமத்திலிருந்து போன் வரும். அன்றைக்குப் பாதையில் யாரும் தனியாகப் போவதில்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. திட்டியவர்கள் இருந்தார்கள். "வெளிநாட்டுல இருந்து வந்து யானைக்கு வக்காலத்து வாங்குது" என்று யமுனாவின் காதுபடவே சொன்னார்கள். ஆனாலும் யானைகள் இரண்டு தரம் வந்து, தடத்திலேயே நடந்து போயிருந்தன.

இந்தக் கோடையில் அந்தக் குட்டியின் தாய் செத்துப்போனாள். மேலே இல்லை, கீழே, ஒரு வயலோரத்தில். யாரோ வைத்த கரண்ட் கம்பி. யமுனா போனில் சொல்லி அழுதாள். மற்ற யானைகள் இரண்டு நாள் அங்கேயே நின்று, கிளைகளை ஒடித்து அவள்மேல் போட்டு, தடவிக்கொண்டே இருந்தனவாம். மூன்றாம் நாள் காணவில்லை. குட்டியையும் காணவில்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணன் கூப்பிட்டார். அவர் தானாக எனக்குப் போன் எடுத்ததே கிடையாது. யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று பயந்துவிட்டேன்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சும்மாதான்." பிறகு சொன்னார். "கீழ தண்ணி சுத்தமா வத்திருச்சு. ஆனா அதுக ஏறி வரல."

"நல்லதுதானண்ணே. ஒங்க போஞ்சி தப்பிச்சுச்சே."

"ஆமா" என்றார். "நல்லதுதான்." அந்தப் பக்கம் காற்று வீசுவது கேட்டது. "குட்டி இருக்கா இல்லையானு மட்டும் தெரிஞ்சாப் போதும். தூக்கம் வர மாட்டேங்குது."

நேற்றைக்கு முன்தினம் யமுனாவும் அடிவாரத்துக் கிராமத்துப் பையன்கள் சிலரும் பிபிலைப் பக்கம் ஒரு குளத்தில் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குட்டி இருக்கிறது. மெலிந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. இன்னொருத்தி அதைத் தன் வயிற்றுக்கடியிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறாளாம். அவளுடைய சொந்தக் குட்டி ஒருபக்கம், இது ஒருபக்கம். இரண்டும் மாறி மாறி அவளிடமே குடிக்கின்றனவாம்.

யமுனா வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னபோது நானும் போனில் இருந்தேன்.

"சித்திகிட்ட இருக்காங்க மாமா."

அண்ணன் செருமினார். நாற்காலி நகர்கிற சத்தம். அவர் வெளியே போய்விட்டார் என்று நினைக்கிறேன். அப்போது மதினி போனை வாங்கினார். அவராகவேதான் சொன்னார்.

"நாத்தனா, நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. ஒங்க புள்ள இங்க நல்லாச் சாப்பிடுறா."